எங்கே உண்போம்?

"உணவுக்கடை ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு பெரிய செயலா? அதைப் பற்றியும் ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் நகைக்கலாம். நகையுங்கள், ஓராண்டுக்கு முன்பு நானும் நகைத்தவன்தான். இன்று நகைக்க இயலவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இந்த மலரில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

நம் மன்றத்தின் புதுமாணவர் வரவேற்பு விருந்து அடுத்த திங்களில் நடைபெறவிருக்கிறது. ஆடம்பரம் வேண்டா, மாலையில் கூடி, பேசி, உண்டு, மெட்ரோவின் கடைசி வண்டிக்குள் விடுதி திரும்பும் எளிய விருந்து போதும் என்பது செயற்குழுவின் முடிவு. இம்முறை வியத்நாமிய உணவு என்பதும் முடிவாகிவிட்டது. எந்தக் கடை என்பதுதான் முடிவாகவில்லை. தில்லியில் மூன்று கடைகளின் பெயர்கள் அடிபடுகின்றன. அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. எப்படித் தேர்வது என்பதை மட்டுமே பேசப் போகிறேன்.

முதலில் ஒரு மறுப்புக்கு விடை சொல்லியாக வேண்டும். "நமக்கு ஏன் இந்தச் சீனச் சாப்பாடு? மெஸ்ஸிலே சோறும் சாம்பாரும் இல்லையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் இரண்டு பிழைகள் உள.

வியத்நாமிய உணவு சீன உணவன்று என்பது ஒன்று. தமிழன், தெலுங்கன், கன்னடன், மலையாளி அனைவரையும் 'மதராசி' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்களே என்று இந்நகரில் நாம் எவ்வளவு கொதிக்கிறோம்! அதே நாம், கிண்ணத்தில் நூலிழை போல எது மிதந்தாலும் அதைச் சீனம் என்று சொன்னால், பிறரை இடித்துரைக்கும் உரிமை நமக்கு ஏது?

அந்நாட்டுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணியது இரண்டாவது பிழை. வியத்நாம் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்த நாளில் புதுவையும் காரைக்காலும் அதே ஆட்சியில் இருந்தன. அங்கிருந்து தமிழர் எழுத்தராகவும் காவலராகவும் படைவீரராகவும் சைகோனுக்குக் கப்பலேறினர். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வட்டித்தொழில் நடத்தினர். தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில், இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அந்த ஊரின் நடுவே இன்றும் நிற்கிறது. வியத்நாமியரே வந்து ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். 1954-இல் வியத்நாமில் பிரெஞ்சு ஆட்சி சாய்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் புதுவையின் நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சைகோனிலிருந்து புதுவைக்குத் திரும்பிய குடும்பங்களின் அடுக்களையிலே 'நெம்' என்னும் சுருள் பொரியத் தொடங்கியது. வியத்நாமிலோ, தேங்காய்ப்பாலும் எலுமிச்சைப்புல்லும் சேர்த்து வைக்கும் கோழிக் குழம்பை இன்றும் 'கா ரி' என்றே அழைக்கின்றனர். நம் 'கறி' கடல் கடந்து சென்று அங்கே குடியுரிமை பெற்றுவிட்டது!

ஆகவே, போகலாமா வேண்டாமா என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே என்பதில்தான் ஒரு பழைய தவற்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு, படிப்பு முடித்துச் செல்லும் இருவருக்கு வழியனுப்பு விருந்து. ஒன்பது பேர் சென்றோம். கடையைத் தேர்ந்தவன் நான். எப்படித் தேர்ந்தேன்? படத்தைப் பார்த்து! மூங்கில் விளக்கு, கூம்புத் தொப்பி, சுவரில் தாமரை. இவற்றைக் கண்டு மயங்கினேன். எங்களுள் ஒருவர் கும்பகோணத்துக்காரர். என்னைவிட இரண்டு ஆண்டு இளையவர். பிறந்தது முதல் புலால் அறியாதவர். அவருக்காகப் பணியாளரிடம், "வெஜ்தானே?" என்று கேட்டேன். "வெஜ்தான்" என்று விடை வந்தது. காளானும் சோயாக்கட்டியும் மிதக்கும் ஃபோ வந்தது. நண்பர் விரும்பி அருந்தினார். கிண்ணம் பாதியானபோது அந்தப் பக்கம் வந்த சமையற்காரரை நான் பாராட்டினேன். அவர் மகிழ்ந்து, கோழி எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வைக்கிறார், மீன்சாறு எவ்வளவு சேர்க்கிறார் என்று பெருமையோடு விளக்கலானார்.

நண்பர் கரண்டியை மெல்லக் கீழே வைத்தார். கத்தவில்லை, கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை அண்ணா, நீங்கள் தெரிந்தா செய்தீர்கள்?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பின் நம் மன்றத்தின் எந்த விருந்துக்கும் அவர் வரவில்லை. ஒரு முறை தலைவலி. ஒரு முறை தேர்வு. ஒரு முறை ஊரிலிருந்து உறவினர். நாமும் நம்புவது போல நடிக்கிறோம்.

பணியாளர் பொய் சொன்னாரா? இல்லை. இறைச்சித் துண்டு இல்லையென்றால் 'வெஜ்' என்பது அவர் கணக்கு. கேட்கத் தெரியாமல் கேட்டது என் குற்றம்.

ஃபோ என்பது யாது? அரிசி நூடுல்சும் இறைச்சியும் கண்ணுக்குத் தெரியும் பகுதி. அதன் உயிர், சாறு. எலும்பைப் பல மணி நேரம் கொதிக்க வைத்து, தீயில் சுட்ட வெங்காயமும் இஞ்சியும், அன்னாசிப்பூவும் பட்டையும் கிராம்பும் இட்டு இறக்குவது அது. அதில் உப்பின் வேலையைப் பெரும்பாலும் மீன்சாறு செய்கிறது. நெத்திலி இன மீனை உப்போடு அடுக்கி ஏறக்குறைய ஓராண்டு புளிக்கவிட்டு வடிப்பது மீன்சாறு. தொட்டுக்கொள்ளும் துணைச்சாற்றில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. ஆகவே 'வெஜ்தானே?' என்ற ஒற்றைக் கேள்வி போதாது. "சாறு எதில் கொதிக்கிறது? மீன்சாறு எதெதில் சேர்கிறது?" என்று இரண்டு கேள்விகள் வேண்டும்.

என் முதல் அளவுகோல் இதுதான்: அந்த இரண்டு கேள்விகளுக்கும் கடைக்காரர் சொல்லும் விடை. "எங்கள் ஃபோவில் எலும்பு உண்டு, வேறு சாறு எங்களால் செய்ய இயலாது, ஆனால் இன்னின்ன பண்டம் உங்கள் நண்பருக்குத் தர முடியும்" என்று ஒருவர் சொன்னால், அவர் கடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். 'இல்லை' என்று சொல்லத் துணிந்தவரின் 'ஆம்' நம்பத்தக்கது. "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், வாருங்கள்" என்பவரை வணங்கிவிட்டு வந்துவிடலாம்.

"இப்படிக் கேட்பது அவர்கள் சமையலை இழிவுபடுத்துவது ஆகாதா?" என்று ஒருவர் கேட்டார். ஆகாது. வியத்நாமியப் பௌத்தர் பலர் சந்திரத் திங்களின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் தவிர்க்கின்றனர். அந்த உணவுக்கு 'சாய்' என்று தனிப்பெயரே உண்டு. காய், காளான், சோயா இவற்றைக் கொண்டே சாறு வைக்கும் கலை அவர்களிடம் இருக்கிறது. அந்தச் சொல்லை அறிந்த கடையென்றால் நமக்குப் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது அளவுகோல், பட்டியலின் நீளம். மோமோவும் மஞ்சூரியனும் சுஷியும் ஃபோவும் ஒரே அட்டையில் இருந்தால், எந்த அடுப்பில் எதற்குப் பொறுமை இருக்கும்? பத்துப் பண்டங்களை ஒழுங்காகச் செய்பவரே நமக்குப் போதும்.

மூன்றாவது, இலை. ஃபோ வடக்கே பிறந்தது. 1954-இல் நாடு இரண்டானபோது இலட்சக்கணக்கான வடபுலத்தார் தெற்கே பெயர்ந்தனர். அவர்களோடு ஃபோவும் சைகோனில் பெருகியது. தென்னாட்டு முறையில் துளசி வகை, முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு எல்லாம் தனித் தட்டில் வரும். வடநாட்டு முறையில் அத்தனை இராது. தட்டு வரவில்லையே என்று குறை சொல்ல வேண்டா. வந்த இலை வாடியிருந்தால் மட்டும் குறை சொல்லுங்கள்.

நான்காவது, பணம். மூங்கில் விளக்குக்கும் தாமரைச் சுவருக்கும் யார் கொடுப்பது? நாம்தான்! உதவித்தொகை வரும் நாளை எண்ணிக் காத்திருப்போர் நம்முள் பலர். பட்டியலைப் பார்த்ததும், "எனக்குப் பசியில்லை" என்று ஒருவர் பொய் சொல்ல நேரும் கடை, சுவையில் எவ்வளவு சிறந்ததானாலும் நமக்கு உரியதன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மீன்சாற்றின் மணம் கண்டு மூக்கைப் பொத்தாதீர்கள். விடுதியில் நாம் கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கிய நாளில் அடுத்த அறையினர் செய்ததை மறந்துவிட்டோமா? உண்ணாமல் இருப்பது அவரவர் உரிமை. முகம் சுளிப்பது யாருடைய உரிமையும் அன்று. 'பன் சேவோ' என்றொரு பண்டம் கேட்டுப் பாருங்கள். அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து சூடான சட்டியில் வார்ப்பது. மாவு விழும்போது எழும் ஓசையே அதற்குப் பெயராயிற்று. நம் தோசைக்கல்லின் 'சொய்' நினைவுக்கு வரும்.

செயற்குழுவில் சிலர், "வாக்கெடுப்பு நடத்துவோம், பெரும்பான்மை சொல்லும் கடைக்குப் போவோம்" என்கின்றனர். இங்கேதான் நான் வேறுபடுகிறேன். தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பான்மை போதும். பந்தியைத் தேர்ந்தெடுக்கப் போதாது. முப்பது பேர் சுவைத்து உண்ண, ஒருவர் வெறுங்கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தால் அது முப்பது பேரின் விருந்தாக இருக்கலாம், மன்றத்தின் விருந்தாகாது. யாருக்கு உண்ணுவது அரிதோ, அவரிடமிருந்தே தேர்வைத் தொடங்குவோம்.

வரும் வியாழன் மாலை நான் அந்த மூன்று கடைகளுக்கும் செல்கிறேன். உடன்வர விரும்புவோர் மன்ற அறைக்கு வாருங்கள். அடுக்களை வாயிலில் நின்று அந்த இரண்டு கேள்விகளைக் கேட்போம். நேர்மையான விடை கிடைத்தால், அன்றிரவே கும்பகோணத்து நண்பரின் அறைக் கதவைத் தட்டி, "இம்முறை கேட்டுவிட்டேன், தம்பி, வா" என்று அழைப்பேன்.

மூன்று கடையிலும் அந்த விடை கிடைக்காவிட்டால்? மெஸ்ஸிலேயே சோறும் சாம்பாரும் உண்போம். அதிலும் எனக்கு வருத்தமில்லை.