கார் மூடிக்குள்ளும் உப்பு ஈரம்!

மழை நாளில் உப்பு ஜாடியைத் திறந்தால் கல்லுப்பு நீர்த்துப் போயிருக்கும், இல்லையா? உப்போடு கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். எங்கள் மரக்காணத்தில் இந்த உப்பு ஜாடியோடு நிற்பதில்லை. கடல் காற்றில் வந்து கார் பானெட்டுக்குள்ளும் உட்கார்ந்துகொள்கிறது.

"சமையல் எழுதுகிறவளுக்குக் காரில் என்ன வேலை?" என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால், பாண்டி ஆஸ்பத்திரிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அந்த நேரத்தில் கார் கிளம்புமா என்பதும் குடும்ப ஆரோக்கியம்தானே!

எங்கள் வீட்டில் மாமனார் காலத்துப் பெட்ரோல் அம்பாஸடர் இன்னும் ஓடுகிறது. அந்த வண்டி தயாரிப்பதையே 2014-ல் நிறுத்திவிட்டார்கள். மார்கழிப் பனியில் கிளப்பினால் குளிர் ஜுரம் வந்தது போல உதறும். சைலன்ஸரில் 'டப் டப்'பென்று அடிக்கும். பெட்ரோல் வாடை வரும். மெக்கானிக் பாஷையில் இதற்கு 'மிஸ்ஸிங்' என்று பெயர். எஞ்சினையே பிரிக்கணும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள்.

அது பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. காயிலிலிருந்து வரும் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை நாலு பிளக்குக்கும் வரிசையாகப் பங்கு வைக்கும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 6,000 பொறி வேண்டும்! மூடிக்குள் உப்பு ஈரம் படிந்தால் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும். ஓர் இலைக்குச் சோறு விழாது. அதுதான் மிஸ்ஸிங்.

நான் செய்வது இதுதான்:

1. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொள்வேன். வளையலைக் கழற்றி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வேன். பாட்டரி வயரையும் கழற்றிவிடுவேன்.

2. இரண்டு பக்கக் கிளிப்பையும் நெம்பி மூடியைத் தூக்குவேன். வயர்களைப் பிடுங்குவதில்லை. உள்ளே ஈரம் இருந்தால் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பல நாள் இதோடு வண்டி சரியாகிவிடும்.

3. மூடிக்குள் பென்சிலால் கிழித்தது போலக் கறுப்புக் கோடு இருந்தாலோ, கீறல் விட்டிருந்தாலோ துடைத்துப் பிரயோஜனமில்லை. மூடியை மாற்றணும். நடுவிலுள்ள கார்பன் துண்டு ஸ்பிரிங்கோடு அமுங்கி எழும்புகிறதா என்றும் பார்க்கணும்.

4. ரோட்டார் முனை கருகியிருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுவேன். சி.பி. பாயிண்ட் தீய்ந்திருந்தால் கண்டென்ஸரோடு சேர்த்து மாற்றுவது நல்லது. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். இதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன்.

புது மூடி போடும்போது பழையதைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வயராக இடம் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடுங்கினால் வரிசை கலைந்து, வண்டி கிளம்பவே கிளம்பாது. ரோட்டார் ஒரே வாட்டத்தில்தான் உட்காரும், பலவந்தம் வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைத் தொடவே கூடாது; தூக்கிப் போடும். பின்னலும் முந்தானையும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக்கூடாது. குழந்தைகள் எட்டியே நிற்கட்டும். எஞ்சின் மேல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள்.

பழைய கார்பரேட்டர் மாருதி 800-க்கும் இதே வைத்தியம்தான். அதில் பிளக் மட்டும் மூன்று. டீசல் வண்டியில் இது கிடையாது. இப்போது வரும் பெட்ரோல் கார்களிலும் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. அவற்றில் உதறலோடு எஞ்சின் விளக்கும் மினுக்கினால் ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய், அங்குள்ள விலையுயர்ந்த பாகத்தைப் பாழாக்கிவிடும்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு தரம், மார்கழியில் ஒரு தரம் மூடியைத் திறந்து பாருங்கள். ஒரு புது மூடியும் ரோட்டாரும் டிக்கியில் இருக்கட்டும். பழைய வண்டிச் சாமான் அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது!