மின்னேற்றி வாங்குமுன் மீட்டர் அறையைக் காண்க

மின்சார வண்டி நம் நகரத்துக்குப் புதியதன்று. 1907ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் பம்பாய் வீதிகளில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. 1964ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அது நம்மிடம் விடைபெற்றது. பின்னர் 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெஸ்ட் நிறுவனத்தார் மின்சார இரட்டை மாடி பஸ்களை ஓட்டத் தலைப்பட்டனர். டிராமுக்குத் தலைக்கு மேல் கம்பி இருந்தது. ஓடும்போதே அது வேண்டிய மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டது. இன்று நம் குடும்பங்கள் வாங்கும் மின்சாரக் காருக்கு அந்த வசதி இல்லை. நின்ற இடத்தில், நம் வீட்டு மின்சாரத்தைக் கொண்டே அதன் பசியைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவேதான், "ஸ்மார்ட் சார்ஜர் என்கிறார்களே, அதில் எதை வாங்கலாம்?" என்ற வினா இப்போது நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் எழுகின்றது. விற்பனையாளர் காட்டும் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. முதற்கண் செல்ல வேண்டிய இடம் நம் கட்டடத்தின் மீட்டர் அறை. அங்கே கண்டறிய வேண்டியவற்றை அறிந்த பின்னரே கடைக்குச் செல்லுதல் நன்று. அதன் காரணத்தை இத்திங்கள் விளக்க முற்படுகின்றோம்.

முதலில் இக்கருவி யாதெனத் தெரிந்துகொள்வோம். சுவரில் பொருத்தும் மின்னேற்றி, பெயர் எப்படியிருப்பினும், உண்மையில் ஒரு காவல் ஸ்விட்ச்சே ஆகும். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை பாட்டரிக்கு ஏற்ற நேர்திசை மின்சாரமாக மாற்றும் வேலையைக் காருக்குள் இருக்கும் உறுப்பே செய்கின்றது. சுவர்க் கருவி ஒரு மெல்லிய கம்பியின் வழியே காரோடு குறிப்பால் பேசி, "இத்தனை ஆம்பியர் வரை நீ எடுத்துக்கொள்ளலாம்" எனத் தெரிவிக்கின்றது. இணைப்பு ஒழுங்காக இருப்பதை அறிந்த பின்னரே மின்சாரத்தைத் திறந்து விடுகின்றது. இதனால் விளையும் உண்மை ஒன்றுண்டு. கார் எவ்வளவு ஏற்க வல்லதோ அதற்கு மேல் எந்த விலையுயர்ந்த கருவியும் ஊட்ட முடியாது. 2020ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த நெக்ஸான் மின்சாரக் கார் இத்தகைய இணைப்பில் 3.3 கிலோவாட் அளவே ஏற்கும். அதற்கு 7.2 கிலோவாட் கருவி வாங்குவது, சிறு கழுத்துக் குப்பிக்குப் பெரிய புனல் வாங்குவது போலாகும். ஆதலின், காரோடு வந்த கையேட்டில் இந்த எண்ணைத் தேடிக் குறித்துக்கொள்க.

அடுத்து, நமக்குத் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். செம்பூரிலிருந்து நரிமன் பாயின்ட்டுக்கு நாள்தோறும் சென்று வரும் ஒருவர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார் எனக் கொள்வோம். நடுத்தரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் செல்லும். மின்னேற்றும்போது வீணாகும் பகுதியையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 7 யூனிட் போதும். கீசருக்குரிய 15 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்கிலேயே, 3.3 கிலோவாட் வீதம், இது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வேலை. இரவு பத்து மணிக்கு மாட்டினால் நள்ளிரவு கழிவதற்குள் முடிந்துவிடும். இத்தகைய குடும்பத்துக்கு வேகமான கருவி ஆடம்பரமே. ஆயின், 45 யூனிட் கொள்ளும் பெரிய பாட்டரியை முழுதும் தீர்த்துவிட்டு வருபவருக்கு அதே பிளக்கில் பதினைந்து மணி நேரம் பிடிக்கும், 7.2 கிலோவாட் கருவியில் ஏழு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். வாடகைக் கார் ஓட்டுவோரும், அடிக்கடி பூனா சென்று திரும்புவோரும் இதனை நாடுவது பொருத்தமே.

இனி மீட்டர் அறைக்கு வருவோம். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட் என்பதை மின்சார பில்லில் காணலாம். காணாவிடில் மின்சாரம் வழங்குவோரைக் கேட்டறியலாம். மாதுங்காவிலும் தாராவியிலும் உள்ளவர்களுக்கு அது பெஸ்ட். செம்பூர்க்காரர்களுக்கு அதானி அல்லது டாட்டா பவர். பழைய வீடுகளில் இந்த அளவு மிகக் குறைவாகவே இருக்கும். ஒரு ஏர்கண்டிஷனர் 1.5 கிலோவாட், கீசர் 2 கிலோவாட், அவற்றோடு கார் 7.2 கிலோவாட் எனக் கூட்டினால் 10.7 ஆகிறது. ஐந்து கிலோவாட்டுக்கு அனுமதி பெற்ற வீடு இதைத் தாங்குமா?

தாங்காது என்பதோடு நில்லாது, அபாயமும் உண்டு. கம்பியில் ஓடும் மின்சாரம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். கீசர் கால் மணி நேரம் ஓடி அணைந்துவிடும். கம்பி ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கும். காரோ பல மணி நேரம் இடைவிடாது இழுக்கும். தளர்ந்த பிளக்கும், நாற்பதாண்டுப் பழமையுள்ள ஒயரும் அப்போதுதான் உருகத் தொடங்குகின்றன. அவ்வேளை வீட்டார் உறங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதை மறத்தலாகாது. 32 ஆம்பியர் கருவிக்கு 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்புக் கம்பி, மீட்டரிலிருந்து தனி வழியாக, தனி எம்.சி.பி.யுடன் வர வேண்டும். தொலைவு மிகுந்தால் கம்பியும் பருக்க வேண்டும். கருவியின் விலையை விடக் கம்பியின் செலவு மிகுதியாகும் வீடுகள் மாதுங்காவில் பல உண்டு. விலை பேசுமுன் இதையும் கணக்கிற் கொள்க.

இவ்விடத்திலேதான் "ஸ்மார்ட்" என்னும் அடைமொழி பொருள் பெறுகின்றது. நல்ல அறிவுக் கருவியொன்று, மீட்டரிலிருந்து வரும் முதன்மைக் கம்பியைச் சுற்றி ஒரு சிறு உணர்வளையத்தை மாட்டி, வீடு முழுதும் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதென்று நொடிதோறும் பார்த்துக்கொண்டிருக்கும். ஏர்கண்டிஷனரும் கீசரும் ஓடும்போது காருக்குக் கொடுப்பதை 6 ஆம்பியர் வரை குறைத்துவிடும். அதுவும் மிகையாயின் நிறுத்தி வைக்கும். வீடு அடங்கிய பின் மீண்டும் கூட்டும். மின்பளுவைச் சமன்செய்யும் இவ்வசதி ஒன்றுக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது நம் கருத்து. இஃதில்லாமல், கைப்பேசியில் வண்ணப் படங்கள் காட்டுவது மட்டுமே அறிவெனில் அவ்வறிவுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை.

ஏனைய வசதிகளையும் சுருக்கமாகச் சீர்தூக்குவோம். அட்டையைக் காட்டினால் மட்டுமே திறக்கும் பூட்டு, பொது இடத்தில் கார் நிறுத்துவோருக்கு அவசியம். கட்டடத்தின் அடித்தளத்தில் இணையம் எட்டாமற்போவதுண்டு; ஆகையால் இணையமின்றியும் இயங்குமா எனக் கேட்க வேண்டும். ஓ.சி.பி.பி. என்னும் பொது நெறியை ஏற்கும் கருவியானால், செய்த கம்பெனி நாளை மூடப்பட்டாலும் வேறு நிறுவனத்தாரின் கணக்கு முறையோடு இணைத்துக்கொள்ள வழியுண்டு. இந்தியத் தர நிர்ணயத்தாரின் ஐ.எஸ். 17017 என்னும் தர வரிசைக்கு இணங்கியதா என்பதையும், பழுது பார்ப்போர் மும்பையில் இருக்கிறார்களா என்பதையும் பில் எழுதுமுன் வினவுக.

பணக் கணக்கில் இல்லத்தரசியர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாளுக்கு 7 யூனிட் என்றால், இருபத்தைந்து நாட்களுக்கு 175 யூனிட். நம் வீட்டு மின்கட்டணமோ 100, 300, 500 யூனிட் எனப் படிப்படியாக உயர்வது. காரின் 175 யூனிட் முழுவதும் மேற்படியிலே போய் அமரும். மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2018ஆம் ஆண்டு மின்சார வண்டிகளுக்கு மின்னேற்றுவதற்கென்று தனிக் கட்டண வகையை ஏற்படுத்தியது. ஆகவே, தனி மீட்டர் பெற்றால் இலாபமா, வீட்டு மீட்டரிலேயே இருப்பது இலாபமா என்பதைச் சென்ற மூன்று மாத பில்களை வைத்துக்கொண்டு கணக்கிடுக. அன்றியும், 2023ஆம் ஆண்டு மத்திய அரசு திருத்திய விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கு நேரத்துக்கேற்ற கட்டணத்தை வகுக்கின்றன. சூரிய ஒளி மிகுந்த பகல் வேளையில் குறைவாகவும், நெருக்கடி வேளையில் கூடுதலாகவும் அது அமையும். பகலில் கார் வீட்டில் நிற்கும் ஓய்வு பெற்ற பெரியோர்களுக்கு, நேரம் குறித்து வைக்கும் கருவி நல்ல துணையாகும்.

எர்த் என வழங்கும் நிலத்தொடர்பு ஒழுங்காக இல்லாத வீட்டில் மின்னேற்றி பொருத்துதலே கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அதை அளந்து பார்க்கச் சொல்க. 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. தனியே வேண்டும். காரிலிருந்து நேர்திசைக் கசிவு ஏற்பட்டால் சாதாரண ஆர்.சி.சி.பி. செயலற்றுப் போகக்கூடும்; அதனைக் கண்டறியும் அமைப்பு மின்னேற்றிக்குள்ளேயே இருக்கிறதா எனக் கேட்டறிக. மழையையும் மறக்கலாகாது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நம்மில் எவர் மறப்பார்? கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டருகே ஆண்டுதோறும் தண்ணீர் தேங்குகின்றது. சென்ற மழைக்காலங்களில் நீர் எவ்வளவு ஏறிற்று என்று காவலாளியைக் கேட்டு, அதற்கும் மேலே கருவியைப் பொருத்துக.

அடுத்து, அண்டை வீட்டாரைப் பற்றிய பேச்சு. மத்திய மின்சார அமைச்சகம் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகள், ஒருவர் தம் வீட்டிலுள்ள இணைப்பைக் கொண்டே காருக்கு மின்னேற்றலாம் எனத் தெளிவுறுத்தின. ஆயினும் மீட்டர் அறையும், கம்பி செல்லும் சுவரும், கட்டடத்துக்கு வரும் பெருங்கம்பியும் எல்லோருக்கும் பொது. முதலில் கார் வாங்கியவர் பெரிய கருவியைப் பொருத்திக்கொண்டு எஞ்சியிருந்த மின்பளு அனைத்தையும் எடுத்துக்கொண்டால், மறு ஆண்டு வாங்கும் நான்காம் மாடிக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. கட்டடமே புதிய கம்பி இழுக்க நேர்ந்தால், கார் இல்லாத முதியவரும் அச்செலவில் பங்கு கொடுக்க வேண்டிவரும். மனத்தாங்கல் இங்கேதான் முளைக்கின்றது. சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில் இதனை முன்வைத்து, இரண்டு மூன்று கருவிகள் இருக்கும் மின்பளுவைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறையையும், அவரவர் அட்டைக்கு அவரவர் பில் என்னும் ஏற்பாட்டையும் நிறுவினால் அனைவர்க்கும் நலம். மறுகட்டுமானப் பேச்சு நடைபெறும் செம்பூர், மாதுங்காக் கட்டடங்களில், வண்டி நிறுத்துமிடத்துக்குக் கம்பிக் குழாய் பதித்துத் தருமாறு இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குக. பின்னர்ச் சுவரை உடைப்பதைவிட அது எளிது.

தாராவியில் வாழும் நம் சகோதரர்களுக்குக் கார் நிறுத்த இடமேது என்று சிலர் கேட்கலாம். அங்கே மின்சார ஸ்கூட்டரும் ஆட்டோவும் வந்துவிட்டன. மேற்சொன்ன விதிகள் அவர்களுக்கு இன்னும் கடுமையாகவே பொருந்தும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் வேலூரில், இரவில் மின்னேற்றுவதற்காக மாட்டியிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் உயிர் துறந்த செய்தியை நாம் படித்து வருந்தினோம். அதன் பிறகு பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. திருத்திய விதிகள் 2022ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2023ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கு உட்பட்ட வண்டியையே வாங்குக. வண்டியோடு வந்த சார்ஜர் தவிர வேறொன்றை உபயோகியாதீர்கள். ஒரே அறையில் ஐவர் உறங்கும் வீட்டில், படிக்கட்டின் அடியிலோ வாயிலருகிலோ பாட்டரியை இரவு முழுதும் மாட்டி வைப்பது, வெளியேறும் ஒரே வழியில் அடுப்பை மூட்டி வைப்பதற்கு ஒப்பாகும். விழித்திருக்கும் வேளையில், காற்றோட்டமுள்ள இடத்தில், கண்காணிப்பில் மின்னேற்றுக. பல பிளக்குகள் கொண்ட நீட்சிப் பலகையில் மாட்டவே வேண்டாம்.

ஆகவே, கார் வாங்க எண்ணியுள்ள அன்பர்கள் இத்திங்களிலேயே செய்யத்தக்கவை மூன்று: பில்லில் மின்பளுவைப் பார்த்தல், மின்பணியாளரைக் கொண்டு எர்த்தையும் கம்பியையும் சோதித்தல், சொசைட்டிச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுதல். இம்மூன்றும் முடிந்த பின்னும் 15 ஆம்பியர் பிளக்கே போதுமெனத் தோன்றினால், மிஞ்சிய பணத்தைக் குழந்தைகளின் படிப்புக்கு வைத்துக்கொள்க. சொசைட்டிக்கு எழுதும் கடிதத்தை ஆங்கிலத்திலோ மராத்தியிலோ வரையத் துணை வேண்டுவோர், நம் சங்கத்து அன்பர்களைத் தயங்காது அணுகலாம்.