‘திருட்டு முழி’ சாட்சியம் ஆகாது

காவல்துறைச் செய்திக்குறிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த வரிகள் மனப்பாடம். போலீசார் வாகனத் தணிக்கையில் ஈடுபட்டிருந்தனர். அவ்வழியே வந்த வாலிபர் போலீசாரைக் கண்டதும் திருதிருவென முழித்தார். விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்தார். காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று ‘தீவிரமாக’ விசாரித்ததில் உண்மையை ஒப்புக்கொண்டார்.

ஊர் மாறும். பெயர் மாறும். களவுபோன பொருள் மாறும். முழி மாறுவதில்லை. மாநிலத்தின் அத்தனை திருடர்களும் ஒரே மாதிரி முழிக்கிறார்கள் என்று நம்பச் சொல்கிறது காவல்துறை. செய்தித்தாள்களும் ஒரு கேள்வி கேட்காமல் அதை அச்சிட்டு வருகின்றன.

இது எழுத்தரின் சோம்பல் என்று விட்டுவிடக் கூடியது இல்லை. ஒரு மனிதனைச் சாலையில் நிறுத்த இந்த ஒரு வரி போதும். வண்டியில் ஏற்ற இது போதும். விடிய விடிய நிலையத்தில் உட்காரவைக்க இது போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128-ஆவது பிரிவு. நம்பர் மாறியிருக்கிறது, ‘சந்தேகக் கேஸ்’ மாறவில்லை. தன் இருப்பை மறைத்துக்கொண்டு குற்றம் செய்யத் தயாராக இருந்தார் என்று நம்பக் காரணம் வேண்டும் என்கிறது சட்டம். காரணம் என்ற இடத்தில் காவலர் எழுதுவது முகத்தைப் பற்றி.

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. இது கருத்து இல்லை, முடிந்துபோன விஷயம். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டினார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகள் கணக்கில் வந்தன. பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர்கள் சராசரியாக 54 சதவீதம் சரியாக இருந்தார்கள். காசைச் சுண்டிப்போட்டாலே 50 கிடைக்கும். பொய்களை மட்டும் எடுத்தால் பாதிகூடப் பிடிபடவில்லை. காவலர் உள்ளிட்ட அனுபவசாலிகள், அனுபவமே இல்லாதவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை.

டிபாலோவும் அவரது குழுவினரும் 2003-இல் 158 அறிகுறிகளை ஆராய்ந்திருந்தார்கள். கண்ணைத் தாழ்த்துவது, கையைப் பிசைவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் தொடர்பே இல்லை. இருந்த இடத்திலும் மிக மெல்லியது. பதற்றம் என்பது பதற்றம் மட்டுமே. பொய் சொல்பவனுக்கும் வியர்க்கும். தன்னை நம்ப மாட்டார்களோ என்று அஞ்சுகிற நிரபராதிக்கும் வியர்க்கும். லத்தியின் முன்னால் யாருக்குத்தான் வியர்க்காது?

பொய்யன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் இருக்கிறது. 75 நாடுகளில், 43 மொழிகளில் விசாரித்த ஒரு பன்னாட்டு ஆய்வு இதைக் காட்டியது. உலகமே நம்புவதால் அது உண்மையாகிவிடாது. நம் மண்ணிலோ இந்த நம்பிக்கை பொய்யாக இருப்பதோடு நிற்பதில்லை, கொடுமையாகவும் ஆகிறது.

பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்து என்று சொல்லி வளர்க்கிற சமூகம் இது. அதிகாரி முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டி, குனிந்து நில் என்று தலைமுறை தலைமுறையாக அடித்துப் பழக்கிய சமூகம் இது. அப்படி நிற்கப் பழக்கப்பட்டவர் யார்? செங்கல் சூளைக் கூலி. இருளர். குறவர். சேரியிலிருந்து வேலைக்குப் புறப்பட்ட இளைஞன். வடமாநிலத்திலிருந்து வந்து மொழி புரியாமல் விழிக்கும் கட்டடத் தொழிலாளி. அவர்கள் குனிந்து நின்றால் கள்ளத்தனம். நிமிர்ந்து பார்த்தால் திமிர், ‘போலீசையே முறைக்கிறான்’. உடனே பதில் சொன்னால் ஒப்பித்து வைத்திருக்கிறான். யோசித்துச் சொன்னால் கதை கட்டுகிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி. சொகுசு காரில் வருபவர் முழித்ததாக ஒரு செய்திக்குறிப்பும் வருவதில்லை.

பிறப்பிலேயே சந்தேகம் என்ற விதி இங்கே சட்டமாகவே இருந்தது. 1871-இல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. ஏட்டில் நீங்கியது. ரோந்துக் காவலரின் கண்ணிலிருந்து அதை நீக்க வேண்டிய பொறுப்பை எந்த அரசும் ஏற்கவில்லை.

சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டாம். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமல்போன புகாரில் கோயில் காவலாளி ஒருவரைத் தனிப்படையினர் பிடித்துச் சென்றனர். திருட்டு வழக்கு முறையாகப் பதிவாகும் முன்பே விசாரணை நடந்தது. அவர் பிணமானார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐ கைக்குப் போனது. காவலர்கள் கைதானதோடு துறையின் கடமை முடிந்துவிட்டதா? ‘இவன்தான் எடுத்திருப்பான்’ என்று முதலில் முடிவுகட்டிவிட்டு அப்புறம் விசாரிக்கிற பழக்கத்துக்கு யார் பொறுப்பு? கழிவறையில் வழுக்கி விழுந்து கைதிகளுக்கு மட்டும் கை முறியும் மர்மத்துக்கு யார் பொறுப்பு?

இந்த மூடநம்பிக்கைக்கு விலை கொடுத்தது நாம் மட்டும் இல்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்துப் பயங்கரவாதியைக் கண்டுபிடிக்க 2007 முதல் ஒரு திட்டம் நடந்தது. சுமார் 90 கோடி டாலர் செலவானது. அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2013-இல் கணக்குக் கேட்டது. அறுபது ஆண்டுகளில் வந்த 400-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த முடிவுகளைச் சுட்டிக்காட்டியது. திட்டம் பலன் தரும் என்பதற்குச் சான்றில்லை, நிதியைக் குறையுங்கள் என்றது. அங்கே ஏமாற்று நடந்தாலும் கணக்குக் கேட்க ஓர் அமைப்பாவது இருந்தது.

உடல்மொழியைப் பார்த்து விசாரிக்கும் முறையை அமெரிக்கா முழுக்கப் பரப்பியவர் ஜான் ரீட். அவருக்குப் புகழ் தேடித்தந்த வழக்கு 1955-இல் நெப்ராஸ்காவில் நடந்தது. மனைவியைக் கொலைக்குப் பறிகொடுத்த கணவரை உட்காரவைத்து விசாரித்தார். கணவர் ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போனார். கொலை செய்தவன் வேறொருவன் என்பது பின்னால் தெரிந்தது. 2012-இல் மாநில அரசு மன்னிப்புக் கேட்டு 5 லட்சம் டாலர் கொடுத்தது. அந்த முறையில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து 1999-இல் சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்களே அதிகம் தவறினார்கள். தங்கள் கணிப்பு சரி என்று அடித்துச் சொன்னவர்களும் அவர்களே. அந்தத் தன்னம்பிக்கையைத்தான் நம் ஊரில் ‘போலீஸ் மூளை’ என்று சினிமா கொண்டாடுகிறது.

கண் போதாதபோது கருவியைக் கொண்டுவருகிறார்கள். பாலிகிராஃப் அளப்பது மூச்சு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை ஆகியவற்றை. பொய்யை அளக்கும் கருவி எங்கும் இல்லை. சம்மதமின்றி இந்தச் சோதனையோ நார்கோ சோதனையோ செய்யக் கூடாது என்று 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பெரிய வழக்கு ஒன்று வந்ததும் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்ற கூச்சல் இன்றும் கிளம்புகிறது. அந்தப் பெயரே பொய்.

நீதிமன்றங்களும் தப்பிக்க முடியாது. சாட்சியின் நடத்தையைப் பற்றி முக்கியமெனத் தோன்றும் குறிப்பை நீதிபதி பதிவுசெய்ய வேண்டும் என்று அதே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 315-ஆவது பிரிவும் சொல்கிறது. முதன்முறையாகக் கூண்டில் ஏறிய ஒரு கிராமத்துப் பெண் தடுமாறினால் அது எதற்குச் சான்று? அந்தக் குறிப்பை வைத்து அவள் சாட்சியத்தை எடைபோடுவதை உயர் நீதிமன்றம் தடுக்க வேண்டும்.

வேறு வழியில்லை என்று காவல்துறை சொல்லக் கூடாது. வழி இருக்கிறது. பேசவிட வேண்டும். எந்த பஸ், எத்தனை மணி, யார் கூட இருந்தார்கள் என்று சரிபார்க்கக்கூடிய விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். கையில் உள்ள ஆதாரத்தை அதன் பிறகே எடுத்துக் காட்ட வேண்டும். சுவீடனில் 2006-இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் பயிற்சி பெற்ற பயிற்சிக் காவலர்கள் 85 சதவீதம் சரியாகக் கணித்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் 56 சதவீதத்தில் நின்றார்கள். பர்மிங்ஹாம், கில்ட்ஃபோர்டு குண்டுவெடிப்பு வழக்குகளில் நிரபராதிகளைப் பல ஆண்டுகள் சிறையில் வைத்து அவமானப்பட்ட இங்கிலாந்து, 1990-களில் தன் விசாரணை முறையையே மாற்றிக்கொண்டது. ஒப்புக்கொள்ளவைப்பதை விட்டது, தகவல் திரட்டுவதைக் கற்றது. இங்கே காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. செல்லாத ஒன்றைப் பெறத்தான் இத்தனை அடி.

உள்துறை உடனே உத்தரவிட வேண்டும். முகபாவத்தையும் தடுமாற்றத்தையும் கைதுக்கான காரணமாக எழுதுவது நிறுத்தப்பட வேண்டும். என்ன பொருள் கையில் இருந்தது, எந்தப் புகார், எந்தச் சாட்சி என்று எழுத முடியாத அதிகாரிக்குப் பிடித்துவைக்கும் அதிகாரம் கிடையாது. ஊனமாஞ்சேரி பயிற்சி அகாடமி தொடங்கி எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும், உடல்மொழியைப் பார்த்துப் பொய் கண்டுபிடிக்கும் பாடம் எந்தப் பெயரில் இருந்தாலும் வெளியேற வேண்டும். விசாரணை அறைகள் உட்படக் காவல் நிலையங்கள் அனைத்திலும் கேமரா வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2 அன்று ஆணையிட்டது. எங்கே கேமரா இல்லை, எங்கே இருந்தும் ஓடவில்லை என்ற பட்டியலைக் காவல்துறைத் தலைமை இயக்குநர் வெளியிட வேண்டும். ஓடாத கேமராவுக்கு அந்த மாவட்டக் கண்காணிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். தலைமைக் காவலரைப் பணியிடை நீக்கம் செய்து கணக்கை முடிக்கும் வழக்கம் போதும்.

காவல்துறை முதலமைச்சரின் கையில் உள்ள துறை. மானியக் கோரிக்கை விவாதத்தில் ஆண்டுதோறும் குற்றங்கள் குறைந்ததாகப் புள்ளிவிவரம் வாசிக்கப்படுகிறது. அடுத்த முறை இன்னொரு கணக்கையும் அவையில் வைக்கட்டும். சந்தேகத்தின்பேரில் எத்தனை பேர் பிடிக்கப்பட்டார்கள்? எந்தச் சாதி, எந்தத் தெரு, எந்த மாநிலம்? அவர்களில் எத்தனை பேர்மீது குற்றம் நிரூபணமானது? மீதிப் பேரிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்?