விருது மேடையும் பீன்யாவின் கூலியும்

அக்டோபர் 17 உலக வறுமை ஒழிப்பு நாள். ஐ.நா. பொதுச்சபை இதனை 1992-இல் அறிவித்தது. வறுமையை ஒழிக்கப் பாடுபடும் தனிநபர்களுக்கு ஆண்டுதோறும் உலகின் பல மேடைகளில் விருதுகள் வழங்கப்படுகின்றன. விருது பெறுவோரில் நேர்மையாளர் பலர் உண்டு. கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்க உழைத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவரது கணவரும் 2008-இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றபோது மகிழாதவர் யார்? நமது கேள்வி அவர்களைப் பற்றியதன்று. வறுமை என்பது நல்ல மனிதர் ஒருவர் வந்து தீர்த்துவைக்கும் துன்பம் என்று இம்மேடைகள் கற்பிக்கின்றன. அந்தக் கருத்தே நமது கேள்விக்குரியது.

2006-இல் முகமது யூனுஸுக்கும் கிராமின் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சிறுகடன் ஏழைகளைக் கரையேற்றும் என்று உலகமே முழங்கியது. நான்கே ஆண்டுகளில், 2010-இல், ஆந்திராவில் நுண்கடன் நிறுவனம் ஒன்று பங்குச்சந்தையில் இறங்கிப் பெரும்பணம் திரட்டியது. இந்த வணிகமயத்தை யூனுஸே கண்டித்தார். அதே ஆண்டில், வசூல் நெருக்கடி தாங்காமல் கடனாளிகள் தற்கொலை செய்துகொண்டதால் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசும் அத்தகைய அவசரச் சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. கூலி உயராத இடத்தில் கடன் பெருகினால், வட்டிக்காரன் பெயர்தான் மாறும்.

இனி பீன்யாவைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வடகர்நாடகத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தோர் இயந்திரப் பட்டறைகளிலும் ஆயத்த ஆடை ஆலைகளிலும் உழைக்கும் பெருந்தொழிற்பேட்டை இது. இங்கே ஏழைகள் வேலையின்றி இருப்பவர்கள் அல்லர். நாள் முழுவதும் உழைத்தும் ஏழைகளாய் இருப்பவர்கள்.

2016 பிப்ரவரியில் மோடி அரசு வருங்கால வைப்பு நிதி விதிகளைத் திருத்தியது. முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்றது. வேலையை விட்டு நிற்கும்போது கையில் கிடைக்கும் அத்தொகைதான் ஆடைத் தொழிலாளியின் ஒரே சேமிப்பு. ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாட்கள் பெங்களூருவின் ஆடைத் தொழிலாளர் பல்லாயிரவர் ஆலைகளை விட்டு வெளியேறி ஓசூர் சாலையிலும் தும்கூர் சாலையிலும் திரண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தடியடியும் கண்ணீர்ப்புகையும் அவர்களைக் கலைக்கவில்லை. 19-ஆம் தேதியே அரசு அத்திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. நாடு முழுவதும் கோடிக்கணக்கான தொழிலாளரின் சேமிப்பு காக்கப்பட்டது. அப்பெண்களுக்கு எவரும் விருது வழங்கவில்லை. விருதுப் பட்டியலில் எழுதத் தனியொரு பெயர் அங்கே இல்லை.

2022-இல் கேரளத்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் தோழர் கே.கே. சைலஜா மகசேசே விருதை ஏற்க மறுத்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொற்றுநோயை எதிர்கொண்டது கூட்டு முயற்சி. அதன் பெருமை தனிநபருக்கு உரியதன்று என்பது ஒரு காரணம். பிலிப்பைன்ஸில் ஹுக் விவசாயிகளின் எழுச்சியை ஒடுக்கியவரின் பெயரால் அவ்விருது வழங்கப்படுவது மற்றொரு காரணம். அன்று பலர் இதனைப் பிடிவாதம் என்றனர். பீன்யாவிலிருந்து பார்த்தால் அதன் நியாயம் விளங்கும்.

தன்னெழுச்சியும் என்றும் நீடிப்பதில்லை. இரு நாள் வெற்றி வைப்பு நிதியைக் காத்தது, கூலியை உயர்த்தவில்லை. கூலிக்கான அளவுகோல் புதிதாகத் தேட வேண்டியதன்று. மூன்று நுகர்வு அலகுகளுக்கான உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலியவற்றுக்கு 20 சதவீதம் என 1957-இல் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என 1991-இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. இக்கணக்கைத் தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஒவ்வோர் ஆலை வாயிலுக்கும் கொண்டு செல்வதும், ஒப்பந்தத் தொழிலாளரையும் பெண்களையும் சங்கத்தில் திரட்டுவதுமே நமது கிளைகளின் உடனடிக் கடமை. அந்தக் கூலி கைக்கு வரும் நாளே பீன்யாவின் வறுமை ஒழிப்பு நாள்.