பட்டியலின் முதல் பெயர்



பனியே பெய்யாத நாட்டில் வாழும் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவதா என்று நீங்கள் வியக்கலாம். 2017ஆம் ஆண்டு கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் ஆண்களுக்கான ஃபிகர் ஸ்கேட்டிங் பிரிவில் நம் நாட்டின் ஜூலியன் யீ தங்கம் வென்றார். அன்று முதல் இவ்விளையாட்டைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒவ்வொரு பெரிய போட்டிக்கு முன்னரும், முதல் மூன்று இடங்களைப் பிடிக்கப் போகிறவர் யார் என்று ஒரு தாளில் எழுதி வைப்பதும் வழக்கமாகிவிட்டது.

இதில் கணிப்பது எளிது போலவே தோன்றும். ஒவ்வொரு தாவலுக்கும் அடிப்படைப் புள்ளி உண்டு. காற்றில் நான்கரைச் சுற்றுச் சுழலும் நான்மடங்கு ஆக்செல் தாவலுக்கு 12.50 புள்ளி. அதே தாவல் நடுவில் தடுமாறி ஒற்றை ஆக்செலாகச் சுருங்கினால் 1.10 மட்டுமே. யார் எத்தனை நான்மடங்குத் தாவல்களைத் திட்டமிட்டுள்ளார், கடந்த போட்டிகளில் எவ்வளவு பெற்றார் என்று கூட்டிப் பார்த்தால் பட்டியல் தயாராகிவிடும்.

2026 பிப்ரவரியில் நடந்த மிலான் குளிர்கால ஒலிம்பிக்கிற்கும் அப்படித்தான் எழுதினேன். முதல் பெயர் அமெரிக்காவின் இலியா மாலினின். உலகில் முதன்முதலாக நான்மடங்கு ஆக்செலைப் போட்டியில் செய்து காட்டியவர் அவர். 2024, 2025 ஆகிய ஈராண்டுகளும் உலக வெற்றியாளர். எழுதும்போது எனக்கு ஐயமே எழவில்லை. குறுநிகழ்ச்சியிலும் அவரே முதலிடம். ஆனால், இரண்டாம் கட்டமான நான்கு நிமிட நெடுநிகழ்ச்சியில் அந்த ஆக்செல் ஒற்றையாகச் சுருங்கியது. பின்னர் விழுந்தார், மீண்டும் விழுந்தார். இறுதியில் எட்டாம் இடம். குறுநிகழ்ச்சியில் ஐந்தாவதாக இருந்த கசக்ஸ்தானின் மிக்கைல் ஷைடரோவ் தங்கம் வென்றார். ஜப்பானின் யூமா ககியாமா வெள்ளியும் ஷுன் சாட்டோ வெண்கலமும் பெற்றனர்.

இது புதிதன்று. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில், வெற்றி வாய்ப்புள்ளவர் என்று பலரும் எதிர்பார்த்த நேதன் சென் குறுநிகழ்ச்சியில் 17ஆம் இடத்திற்குச் சரிந்தார். நெடுநிகழ்ச்சியில் எல்லாரையும் விட அதிகமாக 215.08 புள்ளிகள் எடுத்தும் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. இதற்கு எதிர்மாறாகவும் நடந்துள்ளது. 2024 மொன்றியல் உலகப் போட்டியில் பிரான்சின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா குறுநிகழ்ச்சியில் 19ஆவது இடத்தில் இருந்தார். அவருக்குப் பதக்கம் கிடைக்கும் என்று அந்த இரவில் யார் எழுதியிருப்பார்? அவர் வெண்கலம் பெற்றார்.

அப்படியானால் கணிப்பு வீண் வேலையா? இல்லை என்பதே என் கருத்து. மாலினின் உலகில் மிகக் கடினமான தாவல்களைச் செய்யக் கூடியவர் என்று என் பட்டியல் சொன்னது, அது உண்மைதான். ஆனால், குறிப்பிட்ட ஓர் இரவில் அந்த நான்கு நிமிடங்களில் அவர் என்ன செய்வார் என்பதை எந்தப் பட்டியலாலும் சொல்ல இயலாது. இயலும் என்பதும் நடக்கும் என்பதும் வேறு வேறு. பிழை, முன்னதைப் பின்னதாக எண்ணிக்கொண்ட என்னுடையது.

இதே பிழையை வகுப்பறையில் செய்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ‘எட்டு ஏ பெறக்கூடியவர்கள்’ என்று பட்டியல் போட்டோம். ஓராண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, பட்டியலின் முதல் பெயரை உரக்கப் படித்தேன். பெற்றோர் கைதட்டினர். அந்த மாணவன் தலை குனிந்து அமர்ந்திருந்தான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். தேர்வுக் காலையில் அவனுடைய விரல்கள் நடுங்கியதைக் கண்ட பிறகுதான் அது வெட்கமில்லை என்று புரிந்தது. அவன் ஐந்து ஏ பெற்றான். எந்தக் குடும்பமும் மகிழ வேண்டிய தேர்ச்சி அது. அவனோ, “மன்னிச்சிடுங்க ஐயா” என்று என்னிடம் வந்து நின்றான். பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் பாடம் நடத்தியிருந்த எனக்கு, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தான் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

2021இல் யூ.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டது. பட்டியல் போடும் பழக்கம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை. புதிர்ப்போட்டி, பேச்சுப்போட்டி, ஆண்டிறுதித் தேர்வு என்று ஏதாவது ஒன்றுக்கு யாராவது ஒரு குழந்தையின் பெயரை முதலில் எழுதிவிடுகிறோம்.

கணியுங்கள்; வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எந்த உதவி தேவை என்று அறிய ஆசிரியருக்குக் கணிப்பு வேண்டும். ஆனால், அது உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். மேடையில் படிக்காதீர்கள், உறவினர் முன் சொல்லாதீர்கள். பெற்றோர்களே, “நீதான் முதலாவதாக வருவாய்” என்பதற்குப் பதில், “உன்னால் இது முடியும், இன்று முடியாவிட்டாலும் நீ என் பிள்ளைதான்” என்று சொல்லிப் பாருங்கள்.

2018இல் தோற்ற நேதன் சென், 2022 பெய்ஜிங்கில் 332.60 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். அதே 2018இல் நம் ஜூலியன் யீ குறுநிகழ்ச்சியில் 25ஆம் இடம் பெற்றார். அடுத்த கட்டத்திற்கு 24 பேர் மட்டுமே சென்றனர். ஒரே ஓர் இடம் தவறியது. ஆனாலும், குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடிய முதல் மலேசியர் அவரே. என் பட்டியலில் அன்று அவர் பெயர் இல்லை. மறக்காமல் இருப்பதோ அவர் ஆடியதுதான்.

அன்புடன்,
உங்களில் ஒருவனான ஓர் ஆசிரியன்