கி.மு. 3345 சரி... துருத்தி மிதித்த பெண் எங்கே?

2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் பெருமைப் பட்டியலில் சேர்ந்த எண், கி.மு. 3345. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, இங்கே இரும்புப் பயன்பாடு 5,300 ஆண்டுகள் பழமையானது என்றது தமிழக அரசின் ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வரைக்கும் போயாச்சு. சரி, அந்த இரும்பை உருக்கியது யார்? வகுப்பில் படம் வரையச் சொன்னால், முறுக்கு மீசையோடு ஒரு கொல்லர்தான் பெரும்பாலும் வருவார்.

பழைய உலையில் இரும்பு உருகி ஓடாது. சுமார் 1,200 டிகிரியில் கசடு மட்டும் இளகிப் பிரியும். இரும்பு கட்டியாகத் தங்கும். அந்தச் சூடு குறையாமல் மணிக்கணக்கில் காற்று போய்க்கொண்டே இருக்கணும். துருத்தி நின்றால் உலை செத்தது. ஆனாலும் துருத்தி வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘கூடமாட ஒத்தாசை’. மத்திய இந்தியாவின் அகாரியா பழங்குடியினரிடம் அந்த ‘ஒத்தாசை’யில் பெண்களும் இருந்தார்கள். சாலையோரம் கூடாரம் போட்டுக் கத்தி, கோடாரி அடித்து விற்கும் வடமாநிலக் குடும்பங்களில் இன்றும் சம்மட்டி ஓங்குவது பல நேரம் பெண்தான். பைக்கில் போகும்போது நாமே பார்த்திருப்போம்.

புறநானூற்று 312ஆம் பாடலைப் பாடியவர் பொன்முடியார், பெண்பாற் புலவர். அதில் வேல் வடிப்பது கொல்லர் கடமை. தாய்க்கு உள்ளது பெற்று வளர்க்கும் கடமை. அழகான பாட்டுதான். ஆனால் கடமைப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, “கொல்லர் வீட்டுப் பெண் அப்போ என்ன செய்துகொண்டிருந்தாள்?” என்று கேட்காமல் விடுவது பாதிப் பாடம்.

அமெரிக்காவில் ரெபெக்கா லூக்கன்ஸ் என்று ஒருவர். 1825இல் கணவர் இறந்தபின் கடனில் கிடந்த இரும்பு ஆலையை ஏற்று, நீராவிக் கொதிகலன் தகடுகளில் பெயர் வாங்கினார். அவர் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர் முதலாளி. கணக்கு, கடிதம், பத்திரம் எல்லாம் அவர் பெயரில் இருந்தன. துருத்தி மிதித்தவளுக்கு ஏது பத்திரம்?

மேகமலை அடிவாரத்துப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு இது வெறும் பழங்கதை இல்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐடிஐ சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆனால் வெல்டர், ஃபிட்டர் என்றதும் “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?” என்பார்கள். 2024 டிசம்பரில் ஜார்க்கண்டின் நோவாமுண்டி இரும்புச் சுரங்கத்தில் ஒரு ஷிஃப்ட்டையே பெண்கள் மட்டும் நடத்தத் தொடங்கினார்கள் என்ற செய்தி, அந்த இடத்தில் கைகொடுக்கும்.

அதைவிடப் பக்கத்திலேயே ஆள் உண்டு. சின்னமனூர், கம்பம் பக்கம் இன்னும் பட்டறை வைத்திருக்கும் குடும்பம் ஒன்றின் அம்மாவை ஒரு பீரியடுக்கு அழைக்கலாம். பவர்பாயிண்ட் வேண்டாம். அரிவாளைக் காய்ச்சி எந்த நிறத்தில் தண்ணீரில் முக்கணும் என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் அவர் பெயரோடு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.