மடிக்கணினி வாங்கும் முன் எண்ணைக் கேளுங்கள்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வந்து, படிவம் 6, மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் என்று பிள்ளைகள் பிரிந்து போகும் காலத்தில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எந்த லேப்டாப் வாங்குவது?" என்பதுதான். கையில் இருப்பது ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட். அது அம்மா கூட்டுக் கட்டி எடுத்த பணமாக இருக்கும். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணமாக இருக்கும். தவறாக வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை இன்னொன்று வாங்க வழியிருக்காது. ஆகவே இவ்வாரம் இதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஈப்போவில் வார இறுதியில் நான் நடத்தும் வகுப்புக்கு, சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு மாணவி வருகிறாள். தாத்தா, பாட்டி இருவரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அம்மாவுக்குத் துப்புரவு வேலை. அவள் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறாள். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் இணைய வகுப்பு நடக்கும்போதே திரை உறைந்து நின்றுவிடுகிறது. இடுபணியை ஏற்றி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. இரண்டு முறை புள்ளிகளை இழந்திருக்கிறாள். "புதுசுதான் சார், ஆனா தொறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. எனக்குத்தான் கம்ப்யூட்டர் வரல போல," என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது.

அவளுடைய கணினியைப் பார்த்தேன். செலரான் என்-4020 என்ற புரோசசர், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பகம். விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருக்கும் நினைவக, சேமிப்பக அளவுகள் சரியாக இவைதாம். அதாவது அந்தக் கணினி வாசல்படியில் நிற்கிறது. உள்ளே வந்து வேலை செய்ய அதற்குத் தெம்பில்லை. நினைவகத்தைக் கூட்டலாம் என்றால், அது பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. குறை அவளிடம் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். பால்மரங்களுக்கு இனமும் எண்ணும் உண்டு. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றால் அது எப்படிப் பால் தரும் என்று எங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். உரம் பிறகு போடலாம், களை பிறகு எடுக்கலாம். நட்டுவிட்ட மரத்தின் இனத்தை மட்டும் மாற்ற முடியாது. மடிக்கணினியில் புரோசசரும் அப்படித்தான். சில கணினிகளில் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பின்னாளில் கூட்டிக்கொள்ளலாம். புரோசசர் வாங்கிய அன்றோடு முடிவாகிவிடுகிறது.

ஆகவே கடையில் "இன்டெல்லா, ஏ.எம்.டி.யா?" என்று கேட்டால் போதாது. "ஐ3யா, ஐ7ஆ?" என்று கேட்டாலும் போதாது. முழு எண்ணையும் கேளுங்கள்.

இன்டெல்லில் ஐ3-1215யு என்றால் முதல் இரண்டு இலக்கங்களான 12 அதன் தலைமுறை. 2022இல் வந்த அதில் ஆறு கருவகங்கள் உள்ளன. கருவகம் என்பதை ஒரு வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய தலைமுறையின் ஐ3-1115ஜி4 என்பதில் இரண்டே கருவகங்கள். பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஐ3 என்ற ஒரே ஸ்டிக்கர்தான் இருக்கும்.

மாணவியின் என்-4020 2019இல் வெளிவந்தது, இரண்டு கருவகங்கள். அதே மலிவு வரிசையில் 2023இல் வந்த என்-100இல் நான்கு கருவகங்கள். கட்டுரை எழுதுதல், இணைய வகுப்பு, கணக்குத் தாள் ஆகியவற்றுக்கு 8 ஜிபி நினைவகத்தோடு என்-100 தாங்கும். 2023இல் இன்டெல் புதிய மடிக்கணினிகளுக்குச் செலரான் என்ற பெயரையே கைவிட்டுவிட்டது. ஆனால் பழைய சரக்கு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

ஏ.எம்.டி.யில் வேறு ஒரு சிக்கல். ரைசன் 3 7320யு என்ற எண்ணில் முதலில் வரும் 7ஐப் பார்த்துப் புதியது என்று நினைப்போம். கவனிக்க வேண்டியது மூன்றாவது இலக்கம். இங்கே அது 2; உள்ளிருக்கும் வடிவமைப்பு 2019இல் வந்த ஸென் 2. ரைசன் 5 7530யு என்பதில் மூன்றாவது இலக்கம் 3. அது ஸென் 3 வடிவமைப்பு, ஆறு கருவகங்கள். 7320யு மோசமானதல்ல, அன்றாடப் படிப்புக்குப் போதும். ஆனால் புதியதன் விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது.

பொறியியல், நிரலாக்கம், காணொளித் தொகுப்பு படிக்கப் போகிறவர்கள் என்-100 வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். ஆட்டோகேட் போன்ற மென்பொருளைத் திறந்தால் அது திணறும். உங்களுக்கு ஐ3-1215யு அல்லது ஆறு கருவகம் கொண்ட ரைசன் 5தான் தொடக்கம். எல்லாருக்கும் பொதுவானது: நினைவகம் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம், சேமிப்பகம் இஎம்எம்சி வேண்டாம், எஸ்.எஸ்.டி. 256 ஜிபியாவது இருக்கட்டும்.

பழைய கணினி வாங்குவது கேவலமல்ல. பல அலுவலகங்கள் கழித்துவிடும் நல்ல மடிக்கணினிகள் புதிய மலிவுக் கணினியைவிட நன்றாக உழைக்கும். ஆனால் "ஐ7" என்ற சொல்லில் மயங்காதீர்கள். ஐ7-6600யு என்பது 2015இல் வந்தது. அதிலும் இரண்டே கருவகங்கள். மேலும் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே பழையது வாங்கினால் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வாங்குங்கள்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் புரோசசரின் முழுப் பெயர், கருவகங்கள், நினைவகம் எல்லாம் தெரியும். கைப்பேசியில் படமெடுத்து, விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரி கட்டும் பெற்றோராக இருந்தால், புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணத்தோடு சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை உள்ள வாழ்க்கைமுறை வரிக் கழிவில் அதைக் காட்டலாம்.

மாணவர்களுக்கு மடிக்கணினி அன்பளிப்பு செய்யும் ஆலய நிர்வாகங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேடையில் இருபது பெட்டிகள் கொடுத்தால் படம் நன்றாக வரும். ஆனால் உழைக்காத இருபதைவிட உழைக்கும் பன்னிரண்டு மேல். வாங்கும் முன் எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த எண்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் 1972ஆம் ஆண்டிலேயே பினாங்கு பாயான் லெப்பாசுக்கு வந்துவிட்டன. ஈப்போவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். தோட்டங்களை விட்டு வந்த நம் பெண்கள் பலர் தொழிற்சாலைப் பேருந்து ஏறி மின்னணு வேலைக்குப் போனவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஸ்டிக்கரை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

அந்த மாணவி இப்போது இடுபணியை வீட்டில் தட்டச்சு செய்து, கல்லூரி நூலகக் கணினியில் ஏற்றுகிறாள். பகுதிநேர வேலையில் வரும் பணத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த முறை கடைக்குப் போனால் பணம் கட்டும் முன் எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள்.